தறி நிற்கும் நாட்கள்

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்க ஒரு பகுதி உண்டு. மூடிக் கிடந்த கொரோனா மாதங்கள் போக, 4 வருஷம் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். வாட்ச்மேனுக்கு என் பெயர் தெரியாது. ஆனால் ஒருநாள் போகாவிட்டால் மறுநாள், "என்ன தம்பி, நேத்து காணோம்?" என்பார். முதல் வருஷம் அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் வருஷம், அவர் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து உள்ளே நுழைய ஆரம்பித்தேன்.

2019 செப்டம்பர் குரூப் 4 தேர்வில் எனக்கு வரவில்லை. சரி, அடுத்தது. அந்த அடுத்தது 2022 ஜூலை 24-ல்தான் நடந்தது. ரிசல்ட் 2023 மார்ச்சில். 200 கேள்வி, 3 மணி நேரம். அந்த 3 மணி நேரத்துக்கு முன்னும் பின்னுமாக என் 24 வயது 28 ஆகிவிட்டது.

தேங்கிப் போனவன் என்றால் சோம்பேறி என்று நினைக்கிறார்கள். நான் தினமும் 10 மணி நேரம் படித்தேன். ஓடிக்கொண்டே இருந்தேன், அதே இடத்தில். கூடப் படித்தவர்களின் கல்யாணப் பத்திரிகைகள் வாட்ஸப்பில் வந்தன. பிறகு குழந்தைகளின் காதுகுத்துப் பத்திரிகைகள் வந்தன. எல்லாவற்றுக்கும் ஒரு கைகூப்பு போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பேன்.

2023-லும் என் நம்பர் இல்லை. வீட்டுக்குச் சொல்லாமல் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். அப்பா தறியில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். பழைய பாவு தீரும்போது, அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். தறி ஓடாது. கூலி சேலைக்குத்தான், பிணைக்கிற நாளுக்குக் கிடையாது.

"வந்துட்டியா. கையக் கழுவிட்டு வா."

உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து, "இதுவரை எத்தனை பாவு பிணைச்சிருப்பீங்க?" என்றேன்.

"எவன் எண்ணுனான்?"

சாயங்காலம்தான் கேட்டார். "வரலையா?"

"வரலப்பா."

"சரி. அங்க ஒரு இழைய விட்டுட்ட பாரு."

இதை ஒரு பாடமாக எழுதிவிடக் கை பரபரக்கிறது. வேண்டாம். பாவு பிணைத்தால் மறுநாள் தறி ஓடும், அது அப்பாவுக்கு நிச்சயம். எனக்கு அந்த நிச்சயம் இல்லை. அன்று ராத்திரி அதை முதல்முறையாக எனக்கே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். பயமாக இருந்தது. ஆனால் தூக்கம் வந்தது.

ரூமைக் காலி செய்துவிட்டு, ஊரில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். இன்னும் ஒரே ஒரு தடவை எழுதுவது, அதோடு சரி என்று முடிவெடுத்தேன். 2024 ஜூன் 9 தேர்வை ஊரிலிருந்தே எழுதினேன். அதிலும் வரவில்லை. அழுதேன். மறுநாள் காலை 9 மணிக்குக் கடை திறக்கணும். திறந்தேன். முன்பெல்லாம் ரிசல்ட்டுக்கு மறுநாள் என்று ஒன்று எனக்கு இருந்ததே இல்லை.

பழைய ரூம்மேட் போன வாரம் கூப்பிட்டான். வாட்ச்மேன் விசாரித்தாராம், "அந்தத் தம்பிக்கு வேலை கெடச்சிருச்சா?" என்று.

"கெடச்சிருச்சுன்னு சொல்லுடா" என்றேன்.

பொய் இல்லை.