திருநாட்களும் சிறு வினாக்களும்

பெருநூல்களின் பொருளைக் கற்றோர் அவையில் ஆராய்தல் சிறப்புடையதே. ஆயினும், இரவு உணவிற்குப் பின் விடுதித் தாழ்வாரத்தில் அமர்ந்து, ஒருவரையொருவர் சிறு வினாக்களால் மடக்கி மகிழ்தலும் மாணாக்கர்க்கு உரிய இன்பங்களுள் ஒன்றாகும். "பிப்ரவரி மாதத்திற்கு 30 நாட்கள் இருந்த ஆண்டு எது?" என்று ஒருவர் வினவுவார். "அத்தகைய ஆண்டு உலகில் இருந்ததே இல்லை" என்று மற்றொருவர் சாதிப்பார். விடையறிந்தவர் ஒன்றும் பேசாது புன்முறுவல் பூப்பார். இவ்வாறு கழியும் பொழுதை வீண்பொழுது என்பாரும் உளர். யாம் அங்ஙனம் கருதுகின்றிலோம். விடை கிடைத்தவுடன் நின்றுவிடாது, "ஏன்?" என்னும் இரண்டாவது வினாவையும் எழுப்புவோமாயின், சிறு வினாவும் நம்மை நெடுந்தொலைவு அழைத்துச் செல்லும். செல்லும் வழியில் ஓர் இடரும் உண்டு. அவ்விரண்டையும் திருநாட்களைப் பற்றிய சில வினாக்களைக் கொண்டு ஈண்டு உரைக்க விழைகின்றோம்.

முதற்கண் ஒரு வினா. 4ஆம் தேதி இரவு உறங்கியவர்கள் மறுநாட் காலை 15ஆம் தேதியில் கண் விழித்தது எப்பொழுது? 1582ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் என்பது விடை. இத்தாலி, ஸ்பெயின், போர்த்துகல் ஆகிய நாடுகளில் அம்மாதம் 4ஆம் தேதி வியாழக்கிழமைக்கு அடுத்த நாள் 15ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஆயிற்று. இடைப்பட்ட பத்துத் தேதிகள் ஏட்டில் இல்லாமற் போயின. இனி, ஏன் என்று கேட்போம். ஜூலியஸ் சீசர் வகுத்த பஞ்சாங்கம் ஆண்டொன்றுக்கு 365 நாளும் 6 மணியும் எனக் கொண்டது. பருவங்கள் ஒரு சுற்று முடிந்து மீண்டும் வருதற்கு ஆகும் காலமோ 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 விநாடி அளவினது. ஆண்டிற்குப் பதினொரு நிமிடப் பிழை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 128 ஆண்டுகளில் அது முழு நாள் ஒன்றாகத் திரண்டுவிடும்.

இப்பிழையைத் திருத்தும்படி தூண்டியது வாணிகமும் அன்று, போரும் அன்று; ஒரு திருநாளே என்பது வியப்பன்றோ! ஈஸ்டர் என்னும் உயிர்ப்புத் திருநாள், மார்ச் 21ஆம் தேதியிலேனும் அதன் பின்னரேனும் வரும் முழுமதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடப்படுவது. ஆதலின் அது மார்ச் 22க்கு முன்னும் வாராது. ஏப்ரல் 25க்குப் பின்னும் வாராது. மார்ச் 21 என்பது பகலும் இரவும் ஒத்து நிற்கும் நாள் எனக் கொண்டே இவ்விதி அமைந்தது. பதினாறாம் நூற்றாண்டிலோ அந்நாள் மார்ச் 11 அளவிற்குப் பின்வாங்கிவிட்டது. இளவேனிலுக்கு உரிய திருநாள் சிறிது சிறிதாகக் கோடையை நோக்கி நழுவுதல் கண்ட போப்பரசர் பதின்மூன்றாம் கிரெகோரி, வானநூல் வல்லாரைக் கூட்டி ஆராய்ந்து பத்து நாட்களைக் களைந்தார். நூற்றாண்டு நிறைவுகளுள் 400ஆல் வகுபடுவன மட்டுமே மிகுநாளாண்டு ஆகும் என்னும் விதியும் அப்பொழுதே பிறந்தது. 1900ஆம் ஆண்டு பிப்ரவரிக்கு 28 நாளும், 2000ஆம் ஆண்டு பிப்ரவரிக்கு 29 நாளும் அமைந்தமைக்குக் காரணம் இதுவேயாம்.

எல்லா நாடுகளும் ஒருங்கே இதனை ஏற்றுக்கொள்ளவில்லை. இங்கிலாந்து 1752ஆம் ஆண்டிலும், ருஷியா 1918ஆம் ஆண்டிலும் மாறின. ஸ்வீடன் நாட்டார் 1700 முதல் மிகுநாட்களை ஒவ்வொன்றாக விடுத்துப் படிப்படியாக மாறக் கருதினர்; ஒன்றை விடுத்தபின் ஏனையவற்றை விடுக்கவில்லை. பழைய கணக்கோடும் ஒவ்வாது, புதிய கணக்கோடும் ஒவ்வாது இடர்ப்பட்டவர்கள், மீண்டும் பழைய கணக்கிற்கே திரும்புவான் வேண்டி, 1712ஆம் ஆண்டு பிப்ரவரிக்கு 30 நாட்கள் கொடுத்தனர். தாழ்வாரத்தில் புன்முறுவல் பூத்தவர் அறிந்திருந்த விடை இதுவே.

இனி, வழியில் நேரும் இடரைக் கூறுவோம். சிறு செய்திகள் இனிமையுடையன. இனிமையுடைமையாலேயே ஆராயப்படாமல் ஊர் சுற்றி வருவன. ஆங்கிலப் பெரும்புலவர் ஷேக்ஸ்பியரும், டான் குயிக்ஸோட் கதையை எழுதிய ஸ்பானியர் செர்வான்டிஸும் ஒரே நாளில் உயிர் நீத்தனர் என்பர். இருவருக்கும் 1616ஆம் ஆண்டு ஏப்ரல் 23 என்றே கூறுவது வழக்கம். யுனெஸ்கோ அவையம் 1995ஆம் ஆண்டில் அந்நாளை உலகப் புத்தக நாளாகத் தேர்ந்ததும் இவ்வழக்கை ஒட்டியே. ஆயின், அக்காலத்தில் ஸ்பெயின் புதிய கணக்கிலும் இங்கிலாந்து பழைய கணக்கிலும் இருந்தன. தேதி ஒன்றாயினும் நாள் ஒன்றன்று. ஷேக்ஸ்பியரின் 23ஆம் தேதி பத்து நாள் பிந்தியது. செர்வான்டிஸ் மறைந்தது 22ஆம் தேதியே, 23 அவரை அடக்கம் செய்த நாள் என்பதும் ஆய்வாளர் பலர் துணிபு.

மற்றொன்று: கலிலியோ மறைந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார், அதுவும் கிறிஸ்துமஸ் நாளில் என்பர். நியூட்டன் 1642ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி பிறந்தமை இங்கிலாந்தின் பழைய கணக்கிற்கு மெய்யே. கலிலியோ 1642ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி மறைந்தமை இத்தாலியின் புதிய கணக்கு. இருவரையும் ஒரே கோலால் அளப்பின், நியூட்டன் பிறந்தது 1643ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆகின்றது. ஆண்டும் போயிற்று, கிறிஸ்துமஸும் போயிற்று! இங்கிலாந்து மாறியபொழுது, "எங்கள் பதினொரு நாட்களைத் திருப்பித் தாரும்" என்று மக்கள் தெருவிற் கூடிக் கலகம் விளைத்தனர் என்பதும் பலர் கூறும் கதை. அக்கலகத்திற்குச் சான்றில்லை என்பர் வரலாற்றாசிரியர். ஹோகார்த் என்னும் ஓவியர் 1755ஆம் ஆண்டளவில் தேர்தல் விருந்து ஒன்றைத் தீட்டிய படத்தில், அச்சொற்கள் எழுதிய பலகை ஒன்று கீழே கிடக்கின்றது. ஓவியத்துப் பலகை பின்வந்தோர் நாவில் ஊர்க்கலகம் ஆயிற்று. பொய்க்கதையினும் அது பிறந்த கதை சுவை மிக்கதாக இருத்தலை நண்பர்கள் நோக்குவார்களாக.

நிற்க. உரைத்த இடரினும் பெரிய இடர் ஒன்று எம் அறைத் தோழர் ஒருவர் வாயிலாக எமக்குத் தெரியவந்தது. அவர் கணிதம் பயில்பவர். ஆராயாது எதனையும் ஒப்பாதவர். ஒரு மாலை, "விவேகானந்தர் பிறந்தது 1863ஆம் ஆண்டு மகர சங்கராந்தி நாளில். அவர் பிறந்த தேதியோ ஜனவரி 12. நம் பொங்கல் ஜனவரி 14 அல்லது 15இல் வருகின்றதே, எங்ஙனம்?" என்று அவரை யாம் வினவினோம். ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டு அவரே விடையும் கூறினார். பூமியின் அச்சு, சுழலும் பம்பரத்தின் தலைபோல மெல்லத் தள்ளாடி, ஏறத்தாழ 26,000 ஆண்டுகளில் ஒரு வட்டம் வருகின்றது. அதனால், விண்மீன்களை வைத்து அளக்கும் ஆண்டு, பருவங்களை வைத்து அளக்கும் ஆண்டினும் ஏறத்தாழ 20 நிமிடம் நீண்டது. சங்கராந்தி விண்மீனை ஒட்டியது; ஆங்கிலத் தேதி பருவத்தை ஒட்டியது. ஆதலின் ஏறத்தாழ 70 ஆண்டிற்கு ஒரு நாள் வீதம் பொங்கல் பிந்துகின்றது.

இவ்வளவில் நின்றிருப்பின் நன்றாக இருந்திருக்கும். அவரோ மேலுஞ் சென்றார். "ஞாயிறு வடதிசை நோக்கித் திரும்பும் நாள் உண்மையில் டிசம்பர் 21 அல்லது 22. தை முதல் நாளும் அத்திருப்பமும் ஒன்றாயிருந்தது சற்றேறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்பு. இன்று 24 நாள் பிந்திக் கொண்டாடுகின்றோம். பிழையான நாளில் பொங்குவதற்கு யான் ஏன் ஊர் செல்லல் வேண்டும்? விடுதியிலேயே இருந்து படிப்பேன்" என்றார். விளையாட்டாகக் கேட்ட வினா ஒரு வீட்டின் பொங்கற் பானையில் வந்து முட்டும் என்று யாம் எதிர்பார்த்தோமில்லை. பேரன் வரவை நோக்கி ஊரில் முதியவர் ஒருவர் இருந்தார் என்பதனை யாம் அறிவோம்.

அறிவு வளர்ந்தால் திருநாள் தேயும் என்பது மெய்தானா? யாம் எண்ணிப் பார்த்தோம். லண்டன் மாநகரத்து ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்க்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் 1825ஆம் ஆண்டில் தொடங்கின. மின்னியல் வல்லுநர் பாரடே 19 முறை அவற்றை நிகழ்த்தினார். ஒரு மெழுகுதிரி எரியும் வரலாற்றை மட்டுமே பொருளாகக் கொண்ட தொடர் அவற்றுட் புகழ் வாய்ந்தது. விஞ்ஞானம் திருநாளை அழிக்க வரவில்லை. விருந்தாளியாக வந்து அமர்ந்தது. பின்னர், 1965ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி, ஜெமினி 6 என்னும் விண்கலத்தில் பூமியைச் சுற்றிவந்த ஷிராவும் ஸ்டாஃபோர்டும், வடக்கிலிருந்து தெற்கே விரையும் ஊர்தி ஒன்றைக் கண்டதாகவும், அதனை ஓட்டுபவர் சிவப்புடை தரித்தவர் என்றும் நிலையத்தார்க்குத் தெரிவித்தனர். கேட்டோர் திகைத்து நிற்கையிலே, கிறிஸ்துமஸ் தாத்தாவின் நினைவாக, மறைத்துக் கொணர்ந்த வாயிசைக் கருவியையும் சிறு மணிகளையும் எடுத்து 'ஜிங்கிள் பெல்ஸ்' என்னும் பாட்டை இசைத்தனர். விண்வெளியில் முதன்முதல் ஒலித்த இசைக்கருவிகள் அவையே. 1857ஆம் ஆண்டில் வெளியான அப்பாட்டில் கிறிஸ்துமஸ் என்னும் சொல்லே இல்லை என்பது மற்றொரு வேடிக்கை. ஞாயிற்றின் போக்கையும் பூமியின் சுழற்சியையும் தம் உயிரையே பணயம் வைத்து அறிந்தவர்கள் அவ்விருவர். அவர்களுக்குத் திருநாள் கசக்கவில்லை.

இவற்றையெல்லாம் தோழர்க்குக் கூறினோம். அவர் முழுதும் உடன்பட்டாரல்லர். எனினும், யாமும் உடன் வருவதாகச் சொன்னமையால் புறப்பட்டார். ஊரில் அவர்தம் பாட்டனார் எம்மிருவரையும் திண்ணையில் அமர்த்திக் கரும்பு வெட்டித் தந்தார். தோழர் தம் கணக்கு முழுவதையும் அவரிடம் ஒப்புவித்தார். முதியவர் இடைமறியாது கேட்டார். பின்பு, "நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும், தம்பி. சூரியன் மார்கழியிலேயே திரும்பட்டும். திரும்பின அன்றைக்கு நெல் வயலில் அல்லவா நிற்கும்? அறுத்து, அடித்து, வீட்டுக்கு வந்த பிறகுதானே பானையில் போடலாம்? கடன்பட்டவன் கையில் காசு வந்ததும் கொடுக்கிறான். அதில் என்ன பிழை?" என்றார். தோழர் மறுமொழி கூறவில்லை. அருகில் நின்ற அவர் சிறிய தங்கையோ, "அப்படியானால் பொங்கல் பிந்திப் பிந்திக் கோடை வெயிலில் வந்துவிடுமா, அண்ணா?" என்று கேட்டாள். அவர் விரல்விட்டு எண்ணி, "ஏப்ரல் மாதத்திற்கு வர இன்னும் ஏறத்தாழ 5,400 ஆண்டு ஆகும்" என்றார். "அதற்குள் இந்தக் கரும்பைத் தின்றுவிடலாம்" என்றாள் அவள். யாவரும் நகைத்தோம், தோழரும் நகைத்தார். மறுநாட் காலை பானை பொங்கியபொழுது, முதலிற் குரலெடுத்தவர் அவரே.

அந்நாள் முதல் எம் வினாக்கள் பெருகினவேயன்றிக் குறையவில்லை. முகம்மதியர்தம் நோன்புத் திங்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முந்துதற்குக் காரணம் யாது? அவர்கள் மதியை மட்டுமே அளவாகக் கொண்டவர்கள். பன்னிரண்டு மதித்திங்கள் 354 நாளளவே ஆகும். ஆதலின் 33 ஆண்டுகளுக்குள் அந்நோன்பு எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். கணக்கின்படி 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பரில் மறுமுறையும் தொடங்கும். தீபாவளி அங்ஙனம் சுற்றாது ஐப்பசியையொட்டியே நிற்பதேன்? மதியின் கணக்கு ஞாயிற்றின் கணக்கினும் மிக முந்தாதவாறு நம் முன்னோர் இடையிடையே மிகுதிங்கள் சேர்த்தனர். 235 மதித்திங்கள் 19 ஆண்டுகளோடு ஏறத்தாழ ஒத்து வருதலால், 19 ஆண்டிற்கொருமுறை தீபாவளி பெரும்பாலும் அதே தேதியை அடுத்து வரும். ஈஸ்டர் கணக்கின் உள்ளேயும் இதே 19 மறைந்திருக்கின்றது. வெவ்வேறு நாட்டு மக்கள், ஒரே மதியை நோக்கி ஒரே எண்ணைக் கண்டனர் என்பது எண்ணுந்தோறும் இன்பம் பயக்கின்றது.

ஆகவே நண்பர்காள்! சிறு வினாக்களைக் கேட்க நாணற்க. விடையைக் கேட்டவுடன் நம்பவும் வேண்டா. நம்பாமையையே அறிவென்று கொள்ளவும் வேண்டா. பொய்யாயின் களைக, களைந்த இடத்தில் அதனினும் சுவையான மெய்யொன்று இருத்தலைத் தேடுக. நாட்களைக் கணக்கிடுவது ஞாயிறும் மதியுமாகலாம். அவற்றைத் திருநாட்கள் ஆக்குவது, வருவார் என்று வழிநோக்கி நிற்பாரும், அதனை அறிந்து வந்து சேர்வாருமே ஆவர். வரும் விடுமுறையில் ஊர் செல்லும் தோழர்கள், பயணப் பையில் ஒரு நல்ல வினாவையும் எடுத்துச் செல்வார்களாக. வீட்டில் உள்ள சிறுவர் அதனினும் நல்ல வினா ஒன்றைத் திருப்பித் தருவர் என்பதற்கு யாம் பிணை.