பிரிக்க முடியாத வளவு

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்ப்பவர்கள், பங்காளிகள் ஒத்துப்போகாததால் வந்த அழிவு இது என்கிறார்கள். கையெழுத்துப் போடப் பத்துப் பேர், பராமரிக்க ஒருவருமில்லை என்பது அவர்கள் கணக்கு. எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. பலருக்குப் பொதுவாக இருப்பதால்தான் அந்த வீடுகளில் பல இன்னும் நிற்கின்றன.

ஒரு செட்டிநாட்டு வீட்டின் அமைப்பே இதற்குச் சான்று. முகப்பைத் தாண்டினால் வானம் பார்த்த முற்றமான வளவு. அதைச் சுற்றி வரிசையாக அறைகள். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனுக்கென ஓர் அறை ஒதுக்கி, 'வேறு வைத்து' விடுவார்கள். அடுப்பு தனி, வரவுசெலவு தனி. ஒரே கூரையின் கீழ் இருந்ததால் கூட்டுக்குடும்பம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பாகப்பிரிவினையை முதலிலேயே யோசித்துக் கட்டிய வீடு அது. பிரிக்கக் கூடியதையெல்லாம் பிரித்துவிட்டு, வளவை மட்டும் பொதுவில் விட்டார்கள். கல்யாணமும் சாவும் முன்னோர்க்கான படைப்பும் நடக்கும் இடம் அது. அதில் கால் பங்கு என்று கோடு கிழித்து யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் வீடுகள் ஏன் சிதைந்தன? அவற்றுக்குச் சோறு போட்டது உள்ளூர் அல்ல. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மாவின் ஐராவதி முகத்துவாரத்து அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. அந்த விளைநிலங்களுக்குச் செட்டியார்கள் கடன் கொடுத்து வந்த வட்டிதான் பர்மாத் தேக்குத் தூண்களாகவும் இத்தாலியச் சலவைக்கல்லாகவும் இங்கே வந்து இறங்கியது. 1930இல் நெல் விலை விழுந்தது. கடன்பட்ட பர்மிய உழவர்கள் நிலத்தை இழந்தார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் எட்டே ஆண்டுகளில் சுமார் 6 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடானது. அந்தத் தூண்களின் அழகைச் சொல்லும்போது அந்த உழவர்களின் இழப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1942இல் ஜப்பானியப் படை, 1948இல் நிலத்தை அரசுடைமையாக்கிய பர்மியச் சட்டம்: வருமானம் நின்றது. பங்காளிகள் எவ்வளவு ஒற்றுமையாக இருந்திருந்தாலும் அது நின்றிருக்கும்.

மகள்களுக்கும் பங்கு வந்ததால் சிக்கல் பெருகிவிட்டது என்றொரு வாதம் உண்டு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை குடியிருக்கும் வீட்டில் பெண்கள் பாகம் கேட்பதைத் தடுத்தது. 2005இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது, நீக்கியதே நியாயம். தன் கல்யாணம் நடந்த வளவில் ஒரு பெண்ணுக்கு உரிமை இல்லை என்பது எந்த ஊர் வழக்கானாலும் கொடுமைதான். தவிர, கையெழுத்துக்கள் கூடக்கூட வீட்டை விற்பதுதான் கடினமாகிறது.

விற்றுவிட முடிந்த வீடுகளுக்கு என்ன ஆனது என்பதைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பார்க்கலாம். நிலைக்கதவுகள், தூண்கள், பெல்ஜியம் கண்ணாடிகள், பித்தளை அண்டாக்கள் எல்லாம் அங்கே கடைச்சரக்கு. வளவைப் பங்கிட முடியாது. ஆனால் வீட்டைக் கழற்றினால் தூண்களை எண்ணிப் பங்கிடலாம். ஒரே ஒரு பங்காளி சம்மதிக்காவிட்டால்கூடக் கழற்றுவது நின்றுபோகிறது. அவர் பிடிவாதக்காரராகவே இருக்கட்டும். கூரை தப்பியது அவரால்தான்.

ஆனால் மழை கையெழுத்துக்காகக் காத்திருப்பதில்லை என்பதை மறுக்க முடியாது. நாட்டு ஓடு ஒன்று நகர்ந்தாலே போதும், நீர் இறங்கி உத்தரம் உளுத்துவிடும். விற்பதைத் தடுக்கும் பொதுவுடைமை, பழுது பார்ப்பதையும் தள்ளிப்போட வைக்கிறது. இதற்குப் பொதுவுடைமையை ஒழிக்க வேண்டியதில்லை; விற்க எல்லோர் சம்மதமும் வேண்டும், ஓடு மாற்ற ஒருவர் சொல் போதும் என்று பங்காளிகள் தமக்குள் எழுதிக்கொள்ளலாம். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் கல்யாணத்துக்கென்று இன்றும் வந்து கதவைத் திறக்கிறார்கள், வெள்ளையடிக்கிறார்கள், வளவில் பந்தி போடுகிறார்கள். அந்த நாலு நாளில் எல்லாப் பங்காளிகளும் ஒரே இடத்தில் இருப்பார்கள். ஏணி வைத்துக் கூரையைப் பார்க்க ஆளும் வந்திருப்பார்.