லா சப்பலில் முருங்கைக்காய்

பாரிஸ் மாநகரில் 'கார் து நோர்' என்னும் வடபால் புகையிரத நிலையத்தை விட்டு வெளியேறி, போபூர் சென் தெனி வீதிவழியே லா சப்பல் நோக்கிச் சிறிது தூரம் நடப்போமாயின், யாழ்ப்பாணத் தமிழ் நம் செவியில் விழத் தொடங்கும். 1983ஆம் ஆண்டின் பின்னர்ப் பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்த நம்மவர் வளர்த்த கடைத்தெரு அது. முருங்கைக்காயும் பாகற்காயும் கறிவேப்பிலையும் அங்கே நம் ஊர்ச் சந்தையை நினைவூட்டுகின்றன.

பிரான்சில் விற்கும் பொருளின் விவரம் பிரெஞ்சு மொழியில் இருத்தல் வேண்டுமென்பது 1994ஆம் ஆண்டின் சட்டம். நம் நாட்டிலிருந்து செல்லும் பொதிகளிலோ ஆங்கிலப் பெயரே முன்னிற்கின்றது. ஆகவே ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குப் பெயர்க்க வேண்டியதாகின்றது. இடறல் இங்கேதான்.

முருங்கைக்காயை ஆங்கிலத்தார் 'டிரம்ஸ்டிக்' என்றனர். பறையடிக்கும் கோல் என்பது அதன் பொருள். கோழிக்காலுக்கும் அதுவே பெயர். அகராதியை மட்டும் நம்பியவர் பிரெஞ்சில் 'பிலோன்' என்றெழுதினால், மரக்கறிப் பொதியின்மேற் கோழிக்கால் வந்து அமர்ந்துவிடும்! தக்க பிரெஞ்சுச் சொல் 'மொரிங்கா'. அதுவோ நம் முருங்கையிற் பிறந்தது.

நகைத்துவிட்டு அகல முடியாத பிழையும் உண்டு. நல்லெண்ணெயை நம்மவர் ஆங்கிலத்தில் 'ஜிஞ்சலி' என்பர். பிரெஞ்சு மக்கள் அறிந்த சொல் 'செசாம்'. எள் ஒவ்வாதவர்க்கு அதனால் உயிராபத்தும் நேரலாம். ஆதலின் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, தெளிவாய்ச் சுட்டவேண்டிய 14 வகைப் பொருள்களுள் எள்ளையும் கடுகையும் சேர்த்துள்ளது.

இனி, பிரான்சின் பகுதியாகிய ரீயூனியன் தீவை நோக்குவோம். கரும்புத் தோட்டங்களிற் பணிபுரியத் தமிழர் 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தத் தொழிலாளராய் அங்குச் சென்றனர். அத்தீவிற் கறிவேப்பிலை 'கலூபிலே', பீர்க்கங்காய் 'பிப்பாங்காய்'. ஆங்கிலம் இடையே வாராமையால், ஒலி திரிந்தும் பொருள் திரியவில்லை. தமிழ் பேச மறந்த வழித்தோன்றல்களின் அடுக்களையிலும் அச்சொற்கள் வாழ்கின்றன.

ஆகவே பெயர்ப்பவர் நோக்க வேண்டியது ஆங்கிலச் சொல்லையன்று, பொருளையே. பாரிசில் வளரும் நம் பிள்ளைகள் பிரெஞ்சை நன்கறிவர். அடுக்களையில் அவர்களை அருகிருத்தி, காயைக் கையிற் கொடுத்து, அதன் தமிழ்ப் பெயரையும் பெற்றோர் சொல்வாராக. இரண்டும் அறிந்த பிள்ளைக்கு இடையில் ஆங்கிலம் எதற்கு?