அம்மா என்ன வேலை பார்க்கிறாங்க?

வங்கியில் முப்பது ஆண்டு வேலை பார்த்தேன். அதில் பல தடவை நேர்முகத் தேர்வுக் குழுவில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். ஓய்வுபெற்ற பின் சொந்த ஊரான திருவேங்கடத்துக்கே வந்துவிட்டேன். ஞாயிறு காலையில் வீட்டு மாடியில் நாற்காலிகளைப் போட்டு, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாதிரி நேர்முகம் நடத்துகிறேன்.

எழுத்துத் தேர்வுக்கு இவர்களுக்கு யார் தயவும் வேண்டாம். விடிய விடியப் படிக்கிற பிள்ளைகள். ஐபிபிஎஸ் நடத்தும் வங்கி அதிகாரி தேர்வில் எழுத்துக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்ற கணக்கில் இறுதிப் பட்டியல் போடுகிறார்கள். அந்த இருபதில்தான் நம் பிள்ளைகள் கோட்டைவிடுகிறார்கள்.

கடினமான கேள்வி என்றதும் அவர்கள் ரெப்போ விகிதத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். அதில் பயப்பட ஒன்றுமில்லை. தெரிந்தால் சொல்லலாம். தெரியாவிட்டால், "தெரியவில்லை சார்" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னால் போதும். அப்படிச் சொன்னதற்காக எங்கள் குழு யாரையும் ஒதுக்கியதில்லை. தெரிந்த மாதிரி சுற்றி வளைத்தவர்களை ஒதுக்கியிருக்கிறோம். பிள்ளைகளைச் சாய்ப்பது சாதாரணமாகக் கேட்கப்படும் கேள்விகள். வீட்டில் என்ன செய்கிறார்கள்? படிப்பு முடித்து இரண்டு வருஷம் என்ன செய்தீர்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா என்ன வேலை பார்க்கிறாங்கம்மா?"

"ஹோம் மேக்கர் சார்."

அவள் அம்மாவை எனக்குத் தெரியும். காலையில் வேன் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். நான் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போனேன். அதன்பிறகு நன்றாகத் தெரிந்த பதில்களையும் அவள் தடுமாறித்தான் சொன்னாள். மறைத்ததைக் காவல் காக்கவே பாதி மனசு போய்விட்டது; மீதிப் பாதியை வைத்துக்கொண்டு எப்படிப் பதில் சொல்வது? இதை எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்துவிட்டேன்.

தண்ணீர் குடிக்கச் சொல்லி, மறுபடியும் கேட்டேன்.

"தீப்பெட்டி ஆபீசுக்குப் போறாங்க சார். பெட்டி அடைப்பாங்க."

"ஒரு தீப்பெட்டி என்ன விலை?"

"ரெண்டு ரூபாய் சார். 2021 டிசம்பர் ஒண்ணாந்தேதி ஏத்துனாங்க. அதுக்கு முந்தி பதினாலு வருஷம் ஒரு ரூபாய்தான்."

"ஏன் அத்தனை வருஷம் ஏத்தல?"

"ஒருத்தர் மட்டும் ஏத்துனா கடைக்காரங்க அடுத்த மார்க்கை வாங்கிருவாங்க சார். எல்லாரும் சேர்ந்து ஏத்துனாத்தான் நிக்கும். மெழுகு, அட்டை, சிவப்பு பாஸ்பரஸ் எல்லாம் ஏறிப்போச்சு, வேற வழியில்லாம ஏத்துனாங்க."

விடாமல் கேட்டேன். தீப்பெட்டி ஆபீஸ்காரர் கடன் கேட்டு வந்தால் என்ன பார்ப்பாய்? மழைக்காலத்தில் குச்சி காயாது, சரக்கு தேங்கும், அந்த மாதங்களைக் கணக்கில் வைத்துத் தவணை போட வேண்டும் என்றாள். மலிவான லைட்டர் வந்து வியாபாரம் படுத்ததையும், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை 2023 ஜூனில் மத்திய அரசு தடை செய்ததையும் நான் கேட்காமலே சொன்னாள். ஒரு தொழிலுக்குக் கடன் கொடுக்கத் தெரிந்த அதிகாரி பேசுவதுபோல் இருந்தது. நான் குழுவில் இருந்திருந்தால் அங்கேயே மதிப்பெண் போட்டிருப்பேன். இந்த அறிவையெல்லாம் 'ஹோம் மேக்கர்' என்ற வார்த்தைக்குப் பின்னால் பூட்டி வைத்திருந்தாளே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

படிப்புக்குப் பிறகான இரண்டு வருஷ இடைவெளி பற்றிய கேள்விக்கு வேண்டியது முற்றுப்புள்ளி. "அரியர் இருந்தது சார். ரெண்டு வருஷம் சங்கரன்கோவில்ல விசைத்தறி ஓட்டிக்கிட்டே நாலு பேப்பரையும் எழுதி முடிச்சேன்." இத்தோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒரு பையன் இதைச் சொல்லிவிட்டு, வீட்டுக் கஷ்டம், கல்லூரியின் குறை என்று இழுத்துக்கொண்டே போனான். கேட்டவர் நிறுத்திய பிறகும் தன்னைத்தானே விசாரித்துக்கொண்டிருந்தான். அவனைப் பத்துத் தரம் சொல்லவைத்துப் பழக்கினேன். பத்தாவது தரம் நிறுத்தினான்.

கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிடுவீர்களா என்று பெண்களிடம் இன்னும் கேட்கிறார்கள். கேட்கவே கூடாத கேள்வி அது. கூட உட்கார்ந்தவர்களிடம் அப்போதே சொல்லியிருக்கிறேன். கேட்டுவிட்டால், "இடமாற்றம் வரும் என்று தெரிந்துதான் விண்ணப்பித்தேன் சார்" என்று மட்டும் சொல்லுங்கள். கல்யாணப் பேச்சுக்குள் போகவே வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நேர்முகத்துக்குப் போகிற பிள்ளை வீட்டில் இருந்தால், முந்தின நாள் ராத்திரி அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்: என்ன கூலி, எப்போது ஏறியது, எந்த மாதம் வேலை இருக்காது, ஏன் இருக்காது.