மாரியம்மன் கோயில் பக்கத்தில் ஒரு தூக்க வைத்தியம்

சிங்கப்பூர் போய்வந்தவர்களைக் கேட்டால் முஸ்தபா கடையையும் தேக்கா மார்க்கெட்டையும்தான் சொல்வார்கள். நானும் அங்கெல்லாம் போனேன். தைலமும் சாக்லெட்டும் வாங்கினேன். ஆனால் சகோதரிகளிடம் சொல்ல நினைப்பது சைனா டவுனைப் பற்றி. 2023-ல் மகளின் பிரசவத்துக்காக இரண்டு மாதம் போயிருந்தபோது, அங்கே தூக்கத்துக்காக ஊசி குத்திக்கொண்டு வந்தேன்!

சைனா டவுன் என்றால் முழுக்க முழுக்கச் சீனர்கள் இடம் என்று எண்ணிவிடாதீர்கள். சௌத் பிரிட்ஜ் ரோட்டில் கம்பீரமாக நிற்பது நம் மாரியம்மன் கோயில். 1827-ல் நாராயண பிள்ளை என்பவர் தொடங்கியது. அதை ஒட்டிய தெருவுக்கு பகோடா தெரு என்று பெயர். நாம் மாலையில் கொறிக்கும் பக்கோடா அல்ல. கோயில் கோபுரத்தை வைத்து வந்த பெயர்! சீனர்கள் அந்த வட்டாரத்தை 'மாட்டுவண்டித் தண்ணீர்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். ஒரு காலத்தில் அங்கே குடிதண்ணீர் மாட்டு வண்டியில்தான் வந்ததாம்.

அம்மனைக் கும்பிட்டுவிட்டு நாலு எட்டு வைத்தால் சீன மருந்துக் கடைகள். காய்ந்த வேர், பட்டை, சிவப்புப் பேரீச்சை, காளான் என்று கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் நம் ஊர் நாட்டு மருந்துக் கடைதான். சற்றுத் தள்ளி, தோங் சாய் மருத்துவ நிலையத்தின் 1892-ஆம் வருஷத்துப் பழைய கட்டடம் இருக்கிறது. ஏழைகளுக்கு ஜாதி மதம் பாராமல் இலவசமாக வைத்தியம் பார்க்க 1867-ல் ஏற்பட்ட ஸ்தாபனம் அது. இப்போது வேறு இடத்தில் நடக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. மாதவிலக்கு நின்றதிலிருந்து ராத்திரி இரண்டரை மணிக்கு 'டக்'கென்று விழிப்பு வந்துவிடும். அப்புறம் விடிய விடியப் புரண்டு கொண்டிருக்க வேண்டியதுதான். ஊரில் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை பையில் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டால் பேரன் அழுவது காதில் விழாதே! ராத்திரியில் குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ளத்தானே வந்திருக்கிறேன்?

"இங்கே நிறையப் பேர் இதுக்கு அக்குபங்சர் பண்ணிக்கறாங்கம்மா. நீயும் ஒரு தடவை போய்ப் பாரேன்" என்றாள் மகள்.

"ஏண்டி, தூங்கறதுக்கு ஊசியா? இருக்கிற தூக்கமும் போயிடுமே!"

மாப்பிள்ளைதான் அழைத்துப் போனார். மாடியில் சின்ன அறை. சுவரில் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருந்தது. சிங்கப்பூரில் 2000-ல் கொண்டுவந்த சட்டப்படி, பதிவு செய்துகொள்ளாமல் யாரும் இந்த வைத்தியம் பார்க்க முடியாது. அதைப் படித்த பிறகுதான் எனக்கு உட்கார மனம் வந்தது.

வைத்தியர் ஒரு சீனப் பெண்மணி. நாக்கை நீட்டச் சொன்னார். இரண்டு கையிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார், நம் சித்த வைத்தியர் மாதிரியே. படுத்ததும் தூக்கம் வருகிறதா, எத்தனை மணிக்கு விழிப்பு, கனவு உண்டா, வியர்க்கிறதா என்று கேள்விமேல் கேள்வி. இரண்டரை மணி என்றதும், "ஒன்றிலிருந்து மூன்று வரை கல்லீரலின் நேரம்" என்றார். கல்லீரலுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் என் தூக்கத்தைப் பற்றி இவ்வளவு பொறுமையாக அதுவரை யாரும் கேட்டதில்லை.

ஊசி என்றால் நம் ஆஸ்பத்திரி ஊசி இல்லை. மருந்தும் கிடையாது, உள்ளே துவாரமும் கிடையாது. கால் மில்லிமீட்டர் கனம் இருந்தால் அதிகம். என் கண்ணெதிரே புதுப் பாக்கெட்டைப் பிரித்தார். உச்சந்தலையில் ஒன்று, நாம் பொட்டு வைக்கும் இடத்தில் ஒன்று, காதுக்குப் பின்னால், மணிக்கட்டு ரேகையில் சுண்டுவிரல் பக்கமாக, உள் கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே. மணிக்கட்டுப் புள்ளிக்கு 'ஷென்மென்' என்று பெயர். ஆன்மாவின் வாசல் என்று சொல்லலாம். காதுக்குப் பின்னால் இருப்பது 'அன்மியன்', அதாவது நிம்மதியான தூக்கம்! எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக். அப்புறம் அந்த இடம் கனத்து மரத்துப் போகிறது. விளக்கை மங்கலாக்கிவிட்டு அரைமணி நேரம் தனியே விட்டுவிட்டார். அடுப்பும் இல்லை, தொட்டிலும் இல்லை. கல்யாணமான பிறகு பட்டப்பகலில் அப்படிச் சும்மா படுத்திருந்த நினைவே எனக்கு இல்லை.

ஆறு தடவை போனேன். நாலாவது தடவைக்குப் பிறகு விழிப்பு நான்கு மணிக்குத் தள்ளிப் போயிற்று. ஊசியால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சாயங்காலக் காபியை நிறுத்தச் சொல்லியிருந்தார், நிறுத்தியிருந்தேன். 2012-ல் 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்த நிபுணர்களும், பலன் உண்டு என்றோ இல்லை என்றோ அடித்துச் சொல்ல ஆய்வுகளின் தரம் போதாது என்றுதான் எழுதினார்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு, படுக்கும் பழக்கத்தையும் மனக்கவலையையும் சீர்படுத்தும் பயிற்சியைத்தான் முதலில் தரவேண்டும் என்று அமெரிக்க டாக்டர்கள் சங்கம் ஒன்று 2016-ல் சொல்லியிருக்கிறது. மாத்திரை அதற்கு அப்புறம்தான். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊசியை நம்பித் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

கர்ப்பிணிகள் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கணுக்காலுக்கு மேலுள்ள அந்தப் புள்ளியை, பிரசவ வலியைத் தூண்டலாம் என்பதால், கர்ப்ப காலத்தில் சீன வைத்தியர்களே தொடுவதில்லை.

மணிக்கட்டுப் புள்ளியை மட்டும் வீட்டில் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார். மகளுக்கும் காட்டிக் கொடுத்தேன். பால் கொடுத்துக்கொண்டே இரண்டு நிமிஷம் அழுத்திப் பார்த்தாள். "எனக்கெதுக்கும்மா இது? இவன் கண்ணை மூடினாப் போதும், நான் உட்கார்ந்தபடியே தூங்கிடுவேன்!" என்றாள். சொன்ன மாதிரியே தூங்கியும் விட்டாள். குழந்தையை நான் மெள்ள வாங்கிக்கொண்டேன்.