தொழுவமும் தாழ்வாரமும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் சிறு கால்நடை மருத்துவமனைகள்

சென்னையிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 120 கிலோமீட்டரில் திண்டிவனத்தை அடைந்து, செஞ்சியை நோக்கியும் புதுச்சேரியை நோக்கியும் விழுப்புரத்தை நோக்கியும் பிரிகிறது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து 1993-இல் பிரிக்கப்பட்ட விழுப்புரம் மாவட்டத்தின் திண்டிவனம், விழுப்புரம் ஆகிய இவ்விரு நகரங்களும், நிலக்கடலை, கரும்பு, நெல், சவுக்கு விளையும் சிற்றூர்களுக்குச் சந்தையாக விளங்குவதோடு, ஆசிரியரும் அரசு ஊழியரும் வணிகரும் வீடு கட்டிக் குடியேறும் புதுநகர்களையும் தம்மைச் சுற்றி வளர்த்துக்கொண்டுள்ளன. சிற்றூரில் கறவை மாடும் வெள்ளாடும் குடும்ப வருவாய்க்கு உரியவை. புதுநகரில் நாயும் பூனையும் பிள்ளைகளோடு பிள்ளைகளாக வளர்பவை. இவ்விரு வகை உயிர்களும் வந்து சேரும் ஒரே வாசலாக இருப்பது, கணவனோ மனைவியோ அல்லது இருவருமோ மருத்துவராக இருந்து, வீட்டின் முன்கட்டிலோ கடைத்தெருவின் ஓர் அறையிலோ குடும்பமாக நடத்தும் சிறு கால்நடை மருத்துவமனையாகும்.

நாயும் மாடும் இந்நிலப்பகுதியில் பண்டு ஒரே முற்றத்தைச் சேர்ந்தவை. அண்டை மாவட்டமான திருவண்ணாமலையின் எடுத்தனூரில் கிடைத்த, முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல், எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர்நீத்த வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் நினைவில் நிறுத்தியுள்ளது. மந்தையும் மந்தை காத்த நாயும் அன்று ஒரே வாழ்வின் இரு பகுதிகள்; இன்று அவை இரு வேறு கணக்குகளில் எழுதப்படுகின்றன. மாட்டுக்குச் செய்யும் செலவை, அது இனித் தரப்போகும் பாலோடும் ஈனப்போகும் கன்றோடும் ஒப்பிட்டே உழவர் முடிவு செய்ய வேண்டியிருக்க, நாயை வளர்ப்பவர் அத்தகைய கணக்கு எதையும் கேட்பதில்லை. ஒரே நாளில் இவ்விரு கணக்குகளுக்கும் நேர்மையாக விடை சொல்ல வேண்டியிருப்பதே சிறுநகரக் கால்நடை மருத்துவரின் தொழிலைப் பெருநகரச் செல்லப்பிராணி மருத்துவத்திலிருந்து வேறுபடுத்துகிறது.

முன்கட்டும் குடும்பமும்

தமிழ்நாட்டில் அரசின் கால்நடை பராமரிப்புத் துறை, கிளை நிலையம், கால்நடை மருந்தகம், மருத்துவமனை, பன்முக மருத்துவமனை எனப் பல படிநிலைகளில் இயங்குகிறது. 1962 என்னும் எண்ணுக்கு அழைத்தால் மருத்துவ ஊர்தியும் வருகிறது. பெரிய அறுவைச் சிகிச்சைகளுக்கு இவ்வட்டார மக்கள் புதுச்சேரி குரும்பாப்பேட்டையிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, 1903-இல் தொடங்கப்பட்டுப் பின்னர் வேப்பேரியில் நிலைபெற்ற சென்னைக் கல்லூரிக்கோ செல்கின்றனர். இவ்வளவு இருந்தும் சிறு தனியார் மருத்துவமனைக்குத் தேவை குறையாததற்குக் காரணம், நோய் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை என்பதுதான். இரவு பத்து மணிக்கு வயிறு உப்பிய மாட்டுக்கும், விடியற்காலையில் வலிப்பு கண்ட நாய்க்கும் முதலில் ஒலிப்பது தெரிந்த மருத்துவரின் கைப்பேசியே.

இத்தகைய மருத்துவமனையின் உடைமைகள் சிலவே. துருப்பிடிக்காத எஃகு மேசை, எடைபார்க்கும் கருவி, தடுப்பூசிகளுக்கான குளிர்பெட்டி, நுண்ணோக்கி, கருவிகளை வேகவைக்கும் கலம், குளுக்கோஸ் புட்டியைத் தொங்கவிடும் கம்பி ஆகியன உள்ளே இருக்க, வெளியே வேப்பமரத்தடியில் மாட்டை அசையாமல் நிறுத்தும் இரும்புக் குழாய்ச் சட்டம் நடப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத உடைமை குடும்பத்தாரின் உழைப்பு. மருத்துவம் படிக்காத கணவனோ மனைவியோ அழைப்புகளை ஏற்று, எந்த ஊர், எந்த விலங்கு, எப்போதிருந்து தீனி எடுக்கவில்லை என்று கேட்டு எழுதி, அவற்றுள் எது காத்திருக்கலாம், எது காத்திருக்கலாகாது என்று பிரித்து வைக்கின்றனர்; கருவிகளைக் கழுவுகின்றனர்; பால் பணம் வந்ததும் தருவதாகச் சொல்லிச் சென்றவரின் கணக்கைக் குறிப்பேட்டில் ஏற்றுகின்றனர். தடுப்பூசி மருந்துகள் 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே வீரியத்தோடு இருப்பவை. உறைந்தாலும் சூடேறினாலும் அவற்றிற் பல பயனற்றுப்போகும். எனவே மின்தடை நேர்ந்த இரவில் குளிர்பெட்டியைக் காவல் காப்பதும் இத்தொழிலின் ஒரு பகுதியே.

மேசையின் மேல்

பேச்சற்ற நோயாளியின் சார்பில் உடையவர் கூறும் வரலாறும், மருத்துவரின் கையும் கண்ணுமே இங்கு முதற் சோதனைகள். ஆசனவாயில் வெப்பமானியை வைத்து உடல்வெப்பத்தை அறிவது, ஈறையும் கண்ணிமையின் உட்புறத்தையும் பார்த்து இரத்தச்சோகையையும் மஞ்சள் காமாலையையும் உணர்வது, தோலைக் கிள்ளி விட்டு அது மீளும் வேகத்தைக் கொண்டு உடலின் நீரிழப்பை அளப்பது ஆகியவை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆயினும் கடிக்க வரும் நாய்க்குத் துணிநாடாவால் வாய்க்கட்டுப் போடவும், பூனையைத் துண்டில் பொதிந்து பிடிக்கவும் பழகிய உதவியாளர் இல்லையெனில் இவற்றுள் எதுவும் நடவாது.

நாய்க்குட்டிகளிடையே மிகுதியாகக் காணும் கொடிய நோய் பார்வோ வைரஸால் வருவது. உலகில் 1978-ஐ ஒட்டித் தோன்றிப் பரவிய இந்நோய், இந்தியாவில் 1980-களின் தொடக்கத்திலேயே சென்னையில் அறியப்பட்டுவிட்டது. குடலின் உட்சுவரை அரித்து, இரத்தம் கலந்த நாற்றமுள்ள கழிச்சலையும் ஓயாத வாந்தியையும் உண்டாக்கும் இவ்வைரஸைக் கொல்லும் மருந்து எளிதில் கிட்டாமையால், இழந்த நீரை நரம்பு வழியே ஈடுசெய்து, குட்டியின் உடல் தானே நோயை வெல்லும் வரை அதை உயிரோடு வைத்திருப்பதே சிகிச்சையாகிறது. ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போடப்படும் தடுப்பூசி இதைத் தடுக்க வல்லது. முதல் ஊசியோடு நிறுத்திவிடுவோரின் குட்டிகளே பெரும்பாலும் நோய்ப்படுகின்றன. தாய்ப்பாலின் வழி வந்த எதிர்ப்பாற்றல் முதல் ஊசியின் பயனை மறித்துவிடக்கூடும் என்பதாலேயே அடுத்தடுத்த ஊசிகள் தேவைப்படுகின்றன என்பதை மருத்துவர் ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருக்கிறது.

பழுப்பு நிற உண்ணிகள் பரப்பும் காய்ச்சல் இரண்டாவது பெருந்தொல்லை. எர்லிக்கியா என்னும் நுண்ணுயிர் வெள்ளணுக்களிலும், பேபீசியா என்னும் ஒட்டுண்ணி சிவப்பணுக்களிலும் குடிகொள்ளும். காது நுனியில் எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் பரப்பிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், ஆய்வுக்கூடம் அருகில் இல்லாத ஊரிலும் பேபீசியாவைப் பலமுறை கண்டுகொள்ளலாம். உண்ணியை நாயின் மேல் மட்டுமன்றிச் சுவர் வெடிப்பிலும் தாழ்வாரத்து மூலையிலும் ஒழிக்காதவரை நோய் திரும்பி வரும். வீட்டிலுள்ள மாத்திரையை அன்பினால் கொடுத்து விளையும் கேடுகளும் பல: மனிதருக்குப் பழகிய பாராசிட்டமால், அதைச் செரித்து வெளியேற்றும் நொதி குறைந்த பூனைக்கு ஒரு மாத்திரை அளவிலேயே நஞ்சாகிறது.

தொழுவத்தில்

மருத்துவமனை வாசல் அடங்கும் வேளையில், மயிலம், செஞ்சி, விக்கிரவாண்டிப் பக்கத்து ஊர்களுக்கான மருத்துவரின் பயணம் தொடங்குகிறது. ஊராரின் வழக்கில் அப்போது அவர் மாட்டு டாக்டர். சினை ஊசி, அதாவது சுழியத்துக்குக் கீழ் 196 பாகை செல்சியஸ் உறைகுளிரில் திரவ நைட்ரஜனுள் வைக்கப்பட்ட காளையின் விந்தைச் செயற்கையாகச் செலுத்துவது, காலத்தோடு செய்ய வேண்டிய பணி. காலையில் பருவ அறிகுறி கண்ட மாட்டுக்கு மாலையிலும், மாலையில் கண்டதற்கு மறுநாள் காலையிலும் போடுவது மரபு. கன்று வழிமாறி நிற்கும் ஈற்றில், தோள்வரை கையுறை அணிந்து உள்ளே கைவிட்டு, மடங்கிய முன்காலையோ திரும்பிய தலையையோ நேராக்கி, காலில் கயிறு பூட்டி, தாய் முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும். கருச்சிதைவு நோயை உண்டாக்கும் புரூசெல்லா என்னும் நுண்ணுயிர் நஞ்சுக்கொடி வழியாக மனிதரையும் தொற்றுமாதலால், வெறுங்கையால் நஞ்சுக்கொடியை அகற்றும் ஊர்ப்பழக்கத்தை மருத்துவர்கள் ஓயாது கண்டிக்கின்றனர்.

ஈன்ற மூன்று நாட்களுக்குள் கறவை மாட்டுக்கு வரும் பால் காய்ச்சல் பெயரளவிலேயே காய்ச்சல். சீம்பால் வழியே சுண்ணாம்புச் சத்து திடீரெனக் குறைய, மாடு உடல் குளிர்ந்து, தலையை விலாப்புறம் மடக்கிப் படுத்துவிடும். கால்சியம் கரைசலை நரம்பில் மெதுவாகச் செலுத்தினால் அதே மாடு சிறிது நேரத்தில் எழுந்து நிற்கும்; விரைந்து செலுத்தினால் இதயம் நின்றுவிடும். எனவே ஒரு கை புட்டியிலும் மறு கை இதயத்துடிப்புமானியிலும் இருக்க, துடிப்பின் சீர் மாறும் கணத்தில் ஓட்டத்தைக் குறைக்கும் பொறுமையில்தான் கைத்திறன் வெளிப்படுகிறது.

நோய்களுக்கு இந்நிலத்தின் நாட்காட்டியும் உண்டு. மாட்டுப் பொங்கலன்றும் திருமணங்களை அடுத்தும் மாடுகளுக்கு மிகுதியாக ஊட்டப்படும் சோறும் பொங்கலும் முதல் வயிற்றில் புளித்து அமிலமாகி உயிரைப் பறிக்கக்கூடும். கோடையில் வாடிய இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு அதிலுள்ள சயனைடு நஞ்சால் நிமிடங்களில் சாயும். நிலக்கடலை விளையும் இப்பகுதியில் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் அதன் அஃப்ளாடாக்சின் நஞ்சு மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு பாலிலும் இறங்கும். 2024 நவம்பர் 30 அன்று இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், மயிலம் வட்டாரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழையைப் பெய்வித்து, தென்பெண்ணையில் பெருவெள்ளத்தைக் கொணர்ந்தது. அத்தகைய வெள்ளம் வடிந்த பின்னரும், நனைந்த தீவனமும் சேற்றில் ஊறிய குளம்பும் எலிக்காய்ச்சல் அச்சமுமாகக் கால்நடை மருத்துவரின் வேலை நீள்கிறது.

மருந்தும் சட்டமும்

1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், பதிவு பெற்ற பட்டதாரிகளுக்கே இம்மருத்துவத்தைச் செய்யும் உரிமையை அளித்து, பயிற்சி பெற்ற பிறர் அவர்களின் மேற்பார்வையில் சிறு பணிகளைச் செய்ய மட்டும் இடமளிக்கிறது. ஆயினும் மருந்துக்கடையில் வாங்கிய ஊசியைத் தாமே போடும் வழக்கம் ஊர்களில் நீடிக்கிறது. இதன் தீங்கு ஒரு மாட்டோடு முடிவதன்று. மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி, இறந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்து அவற்றை அழிவின் விளிம்புக்குத் தள்ளியமையால், 2006-இல் இந்திய அரசு கால்நடைப் பயன்பாட்டில் அதற்குத் தடை விதித்தது. அவ்வாறே நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்ட மாட்டின் பாலைக் குறிப்பிட்ட நாட்களுக்கு விற்காமல் விட வேண்டும் என்னும் விதி, பால் வருவாயை நம்பிய குடும்பத்துக்குக் கடினமானது. அக்கடினத்தை அறிந்தும் அதை வலியுறுத்தும் மருத்துவர், அப்பாலை அருந்தும் குழந்தையின் சார்பில் பேசுகிறார்.

வெறிநோய்

நாய்க்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் பொதுவான பெரும்பகை வெறிநோய். அறிகுறி தோன்றிய பின் ஏறத்தாழ எப்போதும் உயிர் கொள்ளும் இந்நோய்க்குத் தடுப்பே மருந்து. தெருநாய் கடித்த மாடு சில வாரங்கள் கழித்து வாயில் நுரை தள்ளி, நீரை விழுங்க மாட்டாமல் நிற்கும்போது, தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டதாகக் கருதி வீட்டார் வாய்க்குள் கைவிடுவதுண்டு. எச்சில் வழியே பரவும் வைரஸுக்கு அது நேர்வழி. அவ்வேளையில் மாட்டைத் தொடாமலே ஐயுற்று, கைவிட்டவர் அனைவரையும் மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கும் கால்நடை மருத்துவர் காப்பது மனித உயிரை. கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுவதும், அன்றே தடுப்பூசியைத் தொடங்குவதும் முதற் கடமைகள். குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் போன்றவை முன்பு ஆட்டு மூளையிலிருந்து செய்த, வயிற்றில் போடும் ஊசிகள் 2000-களின் நடுவில் கைவிடப்பட்டு, கையில் போடும் சில ஊசிகளே இன்று போதுமானவையாக உள்ளன. இருந்தும் பழைய ஊசியின் அச்சம் பலரைத் தயங்க வைக்கிறது. தெருநாய்களைப் பொறுத்தவரை, சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964 முதல் மேற்கொண்ட கருத்தடை முறையே பின்னர் நாடளாவிய விதிகளுக்கு முன்மாதிரியாயிற்று; சிறுநகரங்களில் அது சீராக நடைபெற நகராட்சியும் மருத்துவரும் பொதுமக்களும் ஒருசேர முயல வேண்டும்.

பதினைந்து ஆண்டுகள் உடன் வாழ்ந்த நாயின் வலி தணியாத இறுதி நாட்களில், அதற்கு அமைதியான முடிவைத் தரலாமா என்று குடும்பம் கேட்கும்போதும், ஒரே வருவாயான மாடு இனித் தேறாது என்று உழவரிடம் சொல்ல நேரும்போதும், இம்மருத்துவர் சுமப்பது ஒரே பாரம். கடன் வாங்கிச் செய்யும் பயனற்ற சிகிச்சையைத் தடுத்து உண்மையைச் சொல்வது, மருந்து எழுதுவதைவிட உயர்ந்த சேவை.

இத்தொழில் நிலைத்திருக்க மாவட்டங்களில் எளிதில் அணுகத்தக்க ஆய்வுக்கூடங்கள் அமைய வேண்டும். குடும்பத்தாரின் ஊதியமற்ற உழைப்பும் தொழிலின் செலவாக மதிக்கப்பட வேண்டும். விலங்கு வளர்ப்போர் செய்யத்தக்கவையும் பெரியன அல்ல: நாய்க்கும் பூனைக்கும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு அட்டையைப் பாதுகாத்தல், அரசு நடத்தும் கோமாரித் தடுப்பூசி முகாமுக்கு மாட்டைத் தவறாது ஓட்டிச் செல்லுதல், மருத்துவர் சொல்லாத மருந்தைக் கடையில் வாங்காதிருத்தல், நோயின் முதல் நாளிலேயே அழைத்தல். இந்நான்கையும் ஒவ்வொரு வீடும் கடைப்பிடித்தால், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நள்ளிரவில் ஒலிக்கும் அழைப்புகள் பல, ஒலிக்க வேண்டிய தேவையே இன்றிப் போகும்.