உறக்கத்திற்கு ஈடான மாத்திரை

கைக்குழந்தை உள்ள வீட்டில் இரவு ஏது, பகல் ஏது? நம் திருப்பூரிலோ பனியன் கம்பெனிகளின் இரவு ஷிப்டும் சேர்ந்துகொள்கிறது. சிந்தனை மழுங்கிய பெற்றோர் வல்லாரை மாத்திரையையும் சத்து டானிக்கையும் நாடுகின்றனர்.

இரத்தசோகையோ பி12 குறைவோ இருப்பின் மருத்துவர் தரும் மருந்து பயன்படும். மற்றபடி உறக்கத்தின் இடத்தை நிரப்பும் மாத்திரை இல்லை. தேநீரும் கடன்தான்; வட்டிக்கடன் என்பேன். இரவு 10 மணிக்குப் பருகியதன் காஃபீனில் ஏறத்தாழப் பாதி, அதிகாலை 3 மணிக்கும் உடலில் தங்கியிருக்கும்.

1997-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தோரின் கை, கண் நிதானம், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்ந்திருந்தது. மதுவை விரலாலும் தீண்டாத நம்மவர், அந்நிலையிலேயே துணி வெட்டும் இயந்திரத்தின் முன் நிற்கின்றனர்!

இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பியதில்லை. நண்பகலில் சற்றே கண்ணயரும் ‘கைலூலா’வும் நம் மரபே. மாணவன் ஒருவனின் தந்தை பேட்டர்ன் மாஸ்டர். புதிய மாதிரி எதுவும் மனத்தில் உதிக்கவில்லை என வருந்தினார். “இரவு விழிப்பை இல்லத்தாருடன் பங்கிட்டுக்கொள்ளுங்கள், நண்பகலில் 20 நிமிடம் படுங்கள்” என்றேன்.

“முதலாளி விடுவாரா, ஹஜ்ரத்?” என்றார்.

முதலாளிமார் பலர் ஜும்ஆவுக்கு வருகின்றனர். அவர்களிடம் நானே கேட்பதாக இருக்கிறேன்.